ஒரு வாட் வேலை

நெல்லியாளத்தைச் சுற்றியுள்ள ஓடைகளில் கிடக்கும் வெள்ளைக் கல்லைக் கழுவிப் பார்த்தால் பால்நிறத்துக்கு நடுவே காவிப் புள்ளிகள் தெரியும். உற்றுப் பார்த்தால் அவை புள்ளிகள் இல்லை, குழிகள். சில குழிகள் உளியால் செதுக்கியதுபோலச் சதுரமாக இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் படிகங்கள் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்திருந்தன. இந்த மலையின் மழை அவற்றை அரித்துத் துருவாக்கிக் கழுவிக்கொண்டு போய்விட்டது. படிகத்தின் வடிவம் மட்டும் கல்லில் தங்கிவிட்டது.

இப்படித் துருப்பிடித்த குவார்ட்ஸை நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் பங்குகள் விற்றார்கள். தேவாலா, பந்தலூர், நெல்லியாளம் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது, பிறகுதான் நீலகிரியோடு சேர்ந்தது. இங்குள்ள பழங்குடிகள் ஓடை மண்ணை மரத்தட்டில் அலசிப் பொன் எடுப்பதை வெள்ளைக்காரர்கள் வெகுகாலமாகவே அறிவார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறை அனுபவம் பெற்ற ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1879இல் வரவழைக்கப்பட்டு, மறு ஆண்டு நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைக் கொடுத்ததும் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. மாட்டு வண்டிகளில் மலையேறி வந்தவை ஸ்டாம்ப் மில்கள். சில நூறு கிலோ எடையுள்ள இரும்புத் தண்டுகளைத் தூக்கித் தூக்கிக் கல்லின் மேல் போட்டு மாவாக்கும் இயந்திரம் அது. கல் மாவானது, பணமும் மாவானது. ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் பொன்தான் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கம்பெனிகள் கதவடைத்தன. அன்று தோண்டிய குகைகள் இன்னும் மலைக்குள் இருக்கின்றன. பொன்னாசையில் அவற்றுக்குள் நுழைந்து மண் சரிந்து இறந்தவர்களின் செய்தி இப்போதும் வருகிறது. கல் பொறுக்குகிறவர்கள் ஓடைக்கரையோடு நின்றுகொள்வது நல்லது.

அதே கல்லை இடிக்காமல், அவசரப்படாமல், நாள்கணக்கில் உருட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கான கருவி ஒரு டிரம், இரண்டு உருளைகள், ஒரு மோட்டார். டம்ளிங் டிரம் என்பார்கள். கோவைப் பட்டறைகளில் வார்ப்புகளின் பிசிறு நீக்கும் பேரலும் இதே இனம்தான். வீட்டு மேசையில் வைக்கும் சிறிய வகையில் கையகல ரப்பர் டிரம்முக்குள் ஒன்றரைக் கிலோ கல், கொஞ்சம் தண்ணீர், இரண்டு மூன்று மேசைக்கரண்டி கார்பொரண்டம் பவுடர் போட்டு மூடி உருட்டுவார்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து கழுவி, நைசான பவுடர் போட்டு மறுபடியும் உருட்டுவார்கள். நான்கு வாரம் போனால் கண்ணாடிபோல மின்னும் கூழாங்கல் கையில் இருக்கும்.

கேட்கிற எவரும் முதலில் எழுப்பும் கேள்வி, "மோட்டாரை வேகமாக ஓட்டினால் ஒரே வாரத்தில் முடியாதா?"

முடியாது. காரணம் புவியீர்ப்பு. டிரம் சுழலும்போது கல் சுவரோடு ஒட்டி மேலேறுகிறது. சுழற்சி கல்லைச் சுவரை நோக்கித் தள்ளுகிறது, எடை அதைக் கீழே இழுக்கிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இந்த இரண்டும் உச்சியில் சமமாகிவிடும். அதற்கு மேல் கல் கீழே விழவே விழாது. சுவரில் ஒட்டியபடி டிரம்மோடு சேர்ந்து சுற்றும். கல்லும் கல்லும் உரசாது, ஒரு தூசிகூடத் தேயாது. இந்த எல்லையை மாறுநிலை வேகம் என்பார்கள். கணக்கு எளிது: டிரம்மின் உள்விட்டத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் 42.3ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வந்துவிடும். 10 செ.மீ. விட்டமுள்ள சிறு டிரம்முக்கு இது ஏறக்குறைய 134. ஒரு மீட்டர் டிரம்முக்கு 42தான். டிரம் பெரிதாகப் பெரிதாக நிதானமாகச் சுற்ற வேண்டும்.

அந்த எல்லைக்குள் எந்த வேகத்தில் ஓட்டுகிறோம் என்பதில்தான் கல்லின் தலையெழுத்து இருக்கிறது. மாறுநிலை வேகத்தில் 65 முதல் 80 விழுக்காடு வரை வைத்தால் கற்கள் உச்சிக்கு அருகே போய்ச் சுவரை விட்டுப் பிரிந்து, காற்றில் பறந்து எதிர்ப்பக்கத்தில் மோதும். சிமென்ட் ஆலையிலும் தங்கச் சுரங்கத்திலும் உள்ள, பால் மில் (ball mill) எனப்படும் குண்டு ஆலைகள் இப்படித்தான் ஓடுகின்றன, அவற்றின் வேலை உடைப்பது. நம் மேசை டிரம் அதில் பாதிக்கும் குறைவாக, நிமிடத்துக்கு 40 சுற்றை ஒட்டி ஓடுகிறது. அந்த வேகத்தில் எந்தக் கல்லும் பறக்காது. குவியல் சாய்ந்து நிற்கும், அதன் மேல்தோல் மட்டும் சரசரவென்று சரிந்துகொண்டே இருக்கும்.

சிவில் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஆய்வகத்தில் பழகிய ஒன்றுதான், யாரும் அவர்களுக்கு அதை இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவே. சாலை ஜல்லியைச் சோதிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் இயந்திரத்தின் உள்விட்டம் 711 மி.மீ. சூத்திரத்தில் போட்டால் மாறுநிலை வேகம் 50 சுற்று. அதை 30 முதல் 33 சுற்றில் ஓட்டச் சொல்கிறார்கள், அதாவது மாறுநிலையில் 60 முதல் 66 விழுக்காடு. உள்ளே ஒரு இரும்புத் தட்டு வேறு துருத்திக்கொண்டு நிற்கும். எஃகுக் குண்டுகளையும் ஜல்லியையும் ஏந்தி மேலே கொண்டுபோய்க் கொட்டுவது அதன் வேலை. லாரிச் சக்கரத்தின் அடியில் ஜல்லி எப்படி நொறுங்கும் என்று பார்க்க வேண்டியிருப்பதால் வேண்டுமென்றே மோத விடுகிறார்கள். 500 சுற்று முடிந்ததும் 1.70 மி.மீ. சல்லடையில் சலித்து, எவ்வளவு தூளானது என்று எடை போடுவார்கள். சாலையின் மேற்பரப்புக்கான ஜல்லி 30 விழுக்காட்டுக்கு மேல் தூளாகக் கூடாது. கால் மணி நேரத்தில் முடிகிற சோதனை. மெருகு டிரம் இதே 500 சுற்றைப் பதின்மூன்று நிமிடத்தில் கடந்துவிடும், ஆனால் அதற்குள் ஒரு கல்லின் முனைகூட மழுங்கியிருக்காது.

மேல்தோல் மட்டும் சரிகிறது என்றேன். மெருகு முழுவதும் அங்கேதான் நடக்கிறது. மற்ற கற்கள் டிரம்மோடு ஒரே கட்டியாக, ஒன்றையொன்று உரசாமல் மேலேறிக்கொண்டிருக்கும். தங்கள் முறை வரும்போது சரிவில் இறங்கும். அதனால் எவ்வளவு நிரப்புகிறோம் என்பதும் வேகத்துக்குச் சமமான முக்கியத்துவம் உள்ள விஷயம். பாதிக்குக் கீழே நிரப்பினால் சரிவு நீளமாகிக் கற்கள் துள்ளிவிழும், விளிம்புகளில் பிறை வடிவ நகக்கீறல்கள் விழும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் சரிய இடமே இராது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிதும் சிறிதும் கலந்து போட்டால் டிரம் அவற்றைப் பிரித்துவைக்கும். பொடிக்கற்கள் இடுக்கு வழியாக இறங்கிக் குவியலின் நடுவே போய்ச் சேர்ந்துகொள்ளும். நீளமான டிரம்மாக இருந்தால் போகப்போகச் சிறியது, பெரியது என்று பட்டை பட்டையாகவே பிரிந்து நிற்கும். ஜப்பானில் ஓயாமா என்ற ஆய்வாளர் இதை 1939இல் பதிவு செய்தார். கலக்குவதற்காகச் சுற்றும் டிரம் ஏன் பிரிக்கிறது என்பதைப் பற்றி இயற்பியலாளர்கள் இன்றும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மெருகுக்காரர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. தண்ணீரும் பவுடரும் கல்மாவும் சேர்ந்த கூழ் பிரிவதைத் தாமதப்படுத்துகிறது, இடையில் புகுந்த பொடிக்கற்கள் பெரிய கல்லின் பள்ளமான இடங்களையும் தொட்டுத் தேய்க்கின்றன.

மோட்டார் வருவதற்கு முன் இந்த வேலையை மனிதர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு குஜராத்தின் கம்பாத் சாட்சி. ரத்தன்பூர்ப் பக்கத்தில் எடுத்த சூதுபவளக் கல்லைச் சுட்டுச் சிவப்பாக்கி, செதுக்கி, மணியாக்கும் தொழில் அங்கே நூற்றாண்டுகளாக நடக்கிறது. மெருகேற்றத் தோல் பையில் மணிகளையும் எமரித் தூளையும் தண்ணீரையும் போட்டு வாயைக் கட்டிவிடுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பையை இப்படியும் அப்படியும் இழுத்து உருட்டுவார்கள். பத்து, பதினைந்து நாள் உருட்ட வேண்டும். இப்போது அந்தப் பைக்குப் பதில் மோட்டார் டிரம் வந்துவிட்டது. கம்பாத்தின் பெருந்துயரமான சிலிகோசிஸ், கல்லைச் செதுக்கும்போதும் உலர்வாகத் தேய்க்கும்போதும் பறக்கும் தூசியால் வருவது. அந்தத் தொழிலில் தூசி பறக்காத கட்டம் மூடிய ஈர டிரம் ஒன்றுதான். வீட்டில் செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: கூழைக் காயவைத்துத் தட்டிக் கொட்டாதீர்கள், ஈரமாகவே கையாளுங்கள்.

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 தொடங்கி நடத்திய அகழாய்வுகளில் குவார்ட்ஸ், பச்சைக்கல், நீலக்கல் மணிகள் வேலை முடிந்தும் முடியாமலும் கிடைத்தன. சூதுபவளம் மட்டும் உள்ளூர்க் கல் இல்லை, அது வடமேற்கிலிருந்து வந்த சரக்கு. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டுக் கைவினைஞரும் கம்பாத் பக்கத்துக் கைவினைஞரும் ஒரே கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி பவுடர். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. அதைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். இயற்கையில் வைரத்துக்கு அடுத்தபடி குருந்தக்கல், கடினம் 9. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அது உண்டு. எட்வர்ட் அச்சேசன் என்ற அமெரிக்கர் 1891இல் செயற்கை வைரம் செய்யும் ஆசையில் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடேற்றினார். வைரம் வரவில்லை, மின்னும் கருநீலப் படிகம் வந்தது. அதுதான் சிலிக்கன் கார்பைடு, கடினம் ஒன்பதரை. கார்பொரண்டம் என்ற வணிகப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. 1954இல் சென்னையில் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கூட்டோடு தொடங்கிய கார்பொரண்டம் யுனிவர்சல் வழியாக அது நம்மூர் ஹார்டுவேர் கடை வரை வந்தது.

பவுடரின் எண் ஏற ஏற மணி சிறுக்கும். 60 எண் மணி கால் மில்லிமீட்டர், 220 எண் அதில் கால் பங்கு, 500 எண் என்றால் 0.02 மி.மீட்டருக்கும் கீழே. இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிய ஒவ்வொரு மணியும் உருண்டு, கல்லில் நுண்ணிய விரிசல்களைப் போட்டுக்கொண்டே போகிறது. விரிசல்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ஒரு சிம்பு பெயர்கிறது. மணி எவ்வளவு பெரிதோ, விரிசல் அவ்வளவு ஆழம். ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் வேலையும் முந்தைய கட்டம் போட்டுவிட்டுப் போன விரிசல் அடுக்கைத் தேய்த்து எடுப்பதுதான். முதல் வாரத்தில் கல் தன் எடையில் கால் பங்கைக்கூட இழக்கலாம். கடைசி வாரத்தில் இழப்பதைச் சமையலறைத் தராசு காட்டாது.

அந்தக் கடைசிக் கட்டம், அதாவது சீரியம் ஆக்சைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றுவது, வேறு ஜாதி வேலை. கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதானால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கல் மின்னுகிறது என்பது பழைய விளக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி, மேற்பரப்பு கூழாகி வழிந்து படிகிறது என்று வாதிட்டார். இன்று பலர் ஏற்பது இரண்டுக்கும் நடுவான ஒன்று. சீரியம் ஆக்சைடு குவார்ட்ஸைவிட மென்மையானது, கீறுவதற்கு அதற்குத் தெம்பில்லை. தண்ணீர் இருக்கும்போது அது சிலிக்காவோடு வேதிப் பிணைப்பு போட்டுக்கொண்டு, விலகும்போது கொத்துக் கொத்தாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. தண்ணீர் இல்லாமல் முயன்றால் மெருகு வராது.

இந்தக் கட்டத்தில்தான் நெல்லியாளத்துக் குவார்ட்ஸ் மானத்தை வாங்கும். பைரைட் இருந்த குழிக்குள் முதல் வாரத்து 60 எண் மணி ஒன்றிரண்டு பதுங்கிவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் வராது. மெருகு வாரத்தில் அது தானாக வெளியே வந்து டிரம்மிலுள்ள கல் அத்தனையிலும் கீறல் போட்டுவிடும். நீலகிரியின் மேல்மலைப் பாறையான சார்னோக்கைட்டும் சுலபத்தில் வசப்படாது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பைராக்ஸின் என்று கடினம் வெவ்வேறான கனிமங்கள் அதில் கலந்திருப்பதால் மென்மையானவை முதலில் தேய்ந்து, மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகிவிடும். குழியில்லாத, ஒரே நிறமான, ஆறே பாதி உருட்டித் தந்த குவார்ட்ஸைப் பொறுக்குவதுதான் உத்தமம்.

ஆறு உருட்டுவதும் டிரம் உருட்டுவதும் ஒன்றா என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. பிரெஞ்சு நிலவியலாளர் ஒகுஸ்த் தோப்ரே சுழலும் உருளைகளில் கற்களையும் தண்ணீரையும் போட்டு, கல் போன தூரத்தையும் உண்டான சேற்றையும் அளந்து 1879இல் நூலாக வெளியிட்டார். பிரஃப் ஸ்மித் வயநாட்டுக்கு வந்த அதே ஆண்டு. நம் டிரம்மிலும் தூரத்தைக் கணக்கிடலாம். 10 செ.மீ. உள்விட்டம் என்றால் சுற்றளவு 31.4 செ.மீ. நிமிடத்துக்கு 39 சுற்று வீதம் ஒரு நாளில் 56,160 சுற்று, உள்சுவர் ஓடும் தூரம் 17.6 கி.மீ. பந்தலூர், கூடலூர்ப் பகுதித் தண்ணீர் பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து பேப்பூரில் கடலைத் தொடுகிறது. சாலியாற்றின் நீளம் 169 கி.மீ. டிரம் அதைப் பத்து நாளுக்குள் முடித்துவிடும். ஆற்றுக் கல் வெள்ளம் வரும் சில நாட்கள்தான் நகரும், மற்ற நாளெல்லாம் படுத்துக்கிடக்கும். டிரம்முக்குள் எல்லா நாளும் வெள்ளம்.

2014இல் காபோர் டோமோகோஷும் சகாக்களும் ஆற்றுக்கல் உருளும் முறையில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார்கள். முதலில் மூலைகள் மட்டும் மழுங்கும், கல்லின் அளவு அநேகமாக மாறாது. மூலைகள் போன பிறகுதான் கல் சிறுக்கத் தொடங்கும். கல்லின் வடிவத்தைப் பார்த்தே அது எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று சொல்லிவிடலாம் என்பது இதிலிருந்து கிடைத்த வழி. கியூரியாசிட்டி ஊர்தி 2012இல் செவ்வாயில் படம்பிடித்த கூழாங்கற்களை வைத்து இதே கணக்கைப் போட்டார்கள். சரிபார்க்கச் சுண்ணாம்புக்கல் துண்டுகளை டிரம்மில் உருட்டி, அவ்வப்போது எடுத்து வடிவத்தையும் எடையையும் குறித்துக்கொண்டார்கள். செவ்வாய்க் கற்கள் தம் பருமனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை இழந்திருக்கின்றன, சுமார் 50 கி.மீ. உருண்டு வந்திருக்கின்றன என்பது 2015இல் வெளியான முடிவு. வேற்றுக் கிரகத்தில் ஓர் ஆறு எவ்வளவு தூரம் ஓடியது என்பதைச் சொல்ல ஒரு டிரம் உதவியிருக்கிறது. எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை கிடையாது.

மோட்டாருக்கு வருவோம். ஒன்றரைக் கிலோவைச் சுற்ற எவ்வளவு திறன் வேண்டும்? டிரம் சுழலும்போது சாய்ந்து நிற்கும் குவியலின் எடை மையம் அச்சுக்கு நேர்கீழே இருப்பதில்லை, ஏறக்குறைய 1.2 செ.மீ. பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கும். அந்தச் சாய்வைத் தாங்கிப்பிடிக்கத் தேவையான முறுக்குவிசை 0.18 நியூட்டன் மீட்டர். அதை நிமிடத்துக்கு 39 சுற்று என்ற கோணவேகத்தால் பெருக்கினால் 0.7 வாட் வருகிறது. பாறையை உருட்டி மெருகேற்றும் வேலைக்கு ஒரு வாட்டுக்கும் குறைவு!

கடையில் வரும் சிறு இயந்திரங்களின் மோட்டார் இழுப்பதோ சுமார் 25 வாட். மிச்சமெல்லாம் எங்கே போகிறது? இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது ஷேடட் போல் மோட்டார். பழைய டேப் ரெக்கார்டரிலும் சிறு எக்ஸாஸ்ட் ஃபேனிலும் இருக்குமே, இரும்புத் தகடு அடுக்கின் மூலையில் கனத்த செம்பு வளையத்தோடு, அதுதான். அந்தச் செம்பு வளையம் காந்தப்புலத்தின் ஒரு பகுதியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம்தான் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிறது. கெபாசிட்டர் இல்லை, பிரஷ் இல்லை, கெட்டுப்போகப் பாகமே இல்லை. இந்த எளிமைக்குக் கொடுக்கும் விலை, உள்ளே போகும் மின்சாரத்தில் முக்கால் பங்கு வெப்பமாகிவிடும். வெளியே வரும் ஐந்தாறு வாட்டில் பெல்ட்டும் உருளைகளின் புஷ்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, கல்லுக்கு முக்கால் வாட்டை விடுகின்றன. நான்கு வாரம் இடைவிடாமல் ஓடினால் மீட்டரில் 17 யூனிட் ஏறும். கல் வாங்கிக்கொண்டது அரை யூனிட்.

ஆனாலும் இந்த மோட்டாரை நான் குறை சொல்ல மாட்டேன். கல் இடுக்கில் சிக்கி டிரம் நின்றுபோனாலும் இதன் மின்னோட்டம் அதிகம் ஏறாது, முனகிக்கொண்டு சுட்டுக்கிடக்கும். நள்ளிரவில் ஆளில்லாத அறையில் ஓடுகிற கருவிக்கு அந்தக் குணம் வேண்டும்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும், ரோட்டர் கொஞ்சம் பின்தங்கி 1350ஐ ஒட்டி ஓடும். அதை 39 ஆக்க வேண்டும். மோட்டாரில் 2 செ.மீ. புல்லி, உருளை அச்சில் 12 செ.மீ. புல்லி போட்டால் 225 ஆகிவிடும். 2 செ.மீ. தடிமனுள்ள உருளை 11.5 செ.மீ. வெளிவிட்டமுள்ள டிரம்மை உரசி ஓட்டும்போது 39. பல்சக்கரம் எதுவும் வேண்டாம், டிரம்மே கடைசிப் புல்லியாக வேலை செய்கிறது. வெளிநாட்டிலிருந்து 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கருவியை வாங்கி வந்து டிரான்ஸ்ஃபார்மரில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகம் ஆறில் ஐந்தாகக் குறைவது பெரிய விஷயமில்லை. அதிர்வெண் குறையும்போது அதே வோல்ட்டுக்கு இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காந்தப்புலம் ஏறும், இரும்பு திணறி மோட்டார் சுடும். வோல்ட்டையும் அதே விகிதத்தில், 96 அளவுக்கு இறக்கிக் கொடுத்தால் ஓடும்.

பழைய மோட்டாரை வைத்துச் சொந்தமாகச் செய்கிறவர்கள் வழக்கமாகக் கை வைப்பது மிக்ஸி மோட்டாரில். அது நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடும் பிரஷ் மோட்டார், அதன் தகட்டிலேயே 30 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். ஒரே இரவில் கார்பன் பிரஷ் தேய்ந்து கருகிவிடும். டேபிள் ஃபேன் மோட்டார் பரவாயில்லை, ஆனால் அது தன் இறக்கை வீசும் காற்றிலேயே குளிர்ந்து பழகியது. இறக்கையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மேலே கை வைக்க முடியாது. கிரைண்டர் மோட்டார் உறுதியானது. 1955இல் கோவையில் சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் வெட் கிரைண்டரும் கல்லையும் டிரம்மையும் மோட்டார் சுழற்றும் கருவிதானே என்று தோன்றும். அரை குதிரைத்திறன், அதாவது 373 வாட், ஒன்றரைக் கிலோ கல்லுக்கு எதற்கு? பத்துக் கிலோ டிரம் கட்டுகிறவர்களுக்கு வேண்டுமானால் கால் குதிரைத்திறன் போதும். தகட்டில் பார்க்க வேண்டிய எழுத்து எஸ்1. இடைவிடாமல் ஓடத் தகுந்தது என்பதற்கான குறி அது.

இந்த மோட்டார்களின் கதையிலும் நீலகிரி இருக்கிறது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கி, அந்தக் கரண்ட் மலையிறங்கிக் கோவைக்குப் போனது. ஆலைகளும் கிணற்றுப் பம்புகளும் பெருகின, மோட்டார் ரிப்பேர் செய்யும் கைகளும் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் தா. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள்.

டிரம் மோட்டாரைக் கொல்வது சுமை இல்லை, சூடு. காயிலின் செம்புக் கம்பி மேல் பூசிய வார்னிஷ் ஒரு கரிமப் பொருள், வெப்பத்தில் மெல்ல மெல்லக் கருகி நொறுங்கும். 1930இல் மாண்ட்சிங்கர் என்ற பொறியாளர் சொன்ன கணக்கையொட்டி வந்த கைவிதி இன்றும் இருக்கிறது: பத்து டிகிரி சூடு கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதி. இருபது டிகிரி கூடினால் கால் பங்கு. மோட்டாரைத் துணியால் மூடிச் சத்தத்தைக் குறைக்க நினைப்பவர்கள் அதன் ஆயுளைத்தான் குறைக்கிறார்கள். புஷ்ஷில் எண்ணெய் வற்றினாலும் கதை இதுவே. உராய்வு கூடி வேகம் குறையும், ரோட்டர் பின்தங்கும் அளவு கூடும், மின்னோட்டம் ஏறும், சூடு ஏறும், மிச்சமிருந்த எண்ணெயும் ஆவியாகும். ஒரு வார ஓட்டத்துக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்துவிடும்.

நெல்லியாளம், தேவாலா பக்கம் ஆடி மாத மழை தமிழ்நாட்டின் வேறெந்த மழையையும்போல இராது. தமிழகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் இடங்களில் தேவாலா முன்வரிசையில் இருக்கிறது. சுவரில் பூஞ்சை, தீப்பெட்டியில் ஈரம். இந்த ஈரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஆபத்தில்லை, தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். நின்றுகிடக்கும் மோட்டார்தான் ஈரத்தைக் குடிக்கும். கரண்ட் போய்ப் பல மணி நேரம் கழித்து வரும்போது இரண்டு சிக்கல்கள் காத்திருக்கும். காயிலில் ஈரம் ஏறியிருக்கும். டிரம்முக்குள் பவுடரும் கல்மாவும் அடியில் படிந்து இறுகியிருக்கும். ஷேடட் போல் மோட்டாருக்குத் தொடக்க விசை குறைவு, இறுகிய சுமையை அதனால் கிளப்ப முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும். டிரம்மைத் தூக்கி நாலு முறை கையால் குலுக்கி உருளை மேல் வைத்தால் கிளம்பிவிடும்.

வாரக்கணக்கில் நின்ற மோட்டாரை அப்படி உடனே போடக் கூடாது. மழைக்காலத்தில் மோட்டாருக்குப் பக்கத்தில் குண்டு பல்பை எரியவிட்டு ஒரு ராத்திரி காயவைப்பது வைண்டிங் கடைக்காரர்கள் கையாளும் வழி. அதன் பிறகு காயிலுக்கும் பாடிக்கும் நடுவே இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் இன்னொரு ராத்திரி.